யாரும் நகர்த்தாத நாற்பது

இன்றைக்கும் காலை ஏழேகால் ஆனால் என் கை தானாகப் போனை எடுத்துப் பார்க்கிறது. செய்தி ஒன்றும் இருக்காது. வருவது நின்று பல மாதங்கள் ஆகின்றன. ஆனாலும் பார்க்கிறேன். வீட்டில் யாராவது கேட்டால் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதா என்று பார்த்தேன் என்பேன்.

நான் ஒரு பால் கம்பெனியில் ரிப்போர்ட் செய்து கொடுக்கிறவள். விளாங்குடியில் திண்டுக்கல் ரோட்டை ஒட்டி ஆபீஸ். சுற்றுவட்டத்து ஊர்களில் எங்களுக்குப் பால் சென்டர்கள் உண்டு. சென்டர் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஊரில் ஒருவர் வீட்டு வாசலில் ஒரு தராசு, பாலின் தரம் பார்க்க ஒரு சின்னக் கருவி, இரண்டு கேன், அவ்வளவுதான். மாடு வைத்திருப்பவர்கள் விடிந்ததும் அங்கே கொண்டுவந்து ஊற்றுவார்கள். ரூட் வண்டி வந்து கேனை ஏற்றிக்கொண்டு போகும். எந்த ஊரில் இன்றைக்கு எத்தனை லிட்டர் என்பது என் கம்ப்யூட்டருக்கு வந்து சேரும். மாட்டுக்குப் பக்கத்தில்கூடப் போகப் பயப்படுகிற எனக்குப் பாலைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அந்த எண்கள்தான்.

பங்குனிக் கடைசியில் ஒருநாள் எங்கள் சார் என் மேசைக்கு வந்தார். கொள்முதலைப் பார்த்துக்கொள்ளும் மேலாளர். கெட்ட மனிதர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

"எந்தெந்த ஊருக்கு வண்டி போறது வீணுன்னு ஒரே பக்கத்துல தெரியிற மாதிரி போட்டுக் குடும்மா."

எத்தனை லிட்டருக்குக் கீழே போனால் வீண் சார் என்று கேட்டேன்.

"அத ஏத்தி எறக்கிப் பாக்குற மாதிரி வையி. மீட்டிங்ல உக்காந்து முடிவு பண்ணிக்கிருவோம்."

எனக்கு ஒரே சந்தோஷம். இந்த மாதிரி வேலைக்காகத்தானே படித்தோம் என்று இருந்தது. நாங்கள் பயன்படுத்தும் மென்பொருளில் அதற்கென்றே ஒரு வசதி இருக்கிறது. பாராமீட்டர் என்பார்கள். குறைந்தபட்சம் எவ்வளவு, அதிகபட்சம் எவ்வளவு, எத்தனை எத்தனையாக ஏற வேண்டும் என்று மூன்று கட்டங்களில் எழுதிக் கொடுத்தால் போதும், ரிப்போர்ட்டுக்கு அடியில் இருக்கும் மாடல் என்கிற கணக்கு அமைப்புக்குள் அத்தனை எண்களும் ஒரு பட்டியலாக உட்கார்ந்துகொள்ளும். பக்கத்தின் மேலே ஒரு ஸ்லைடர் வந்துவிடும். அதை மவுஸால் இழுத்தால் கீழே உள்ள எல்லாக் கணக்கும் அந்த எண்ணுக்குத் தகுந்தபடி மாறும். பத்திலிருந்து நூறு லிட்டர் வரை, ஒவ்வொன்றாக ஏறும்படி வைத்தேன். ஒரு சென்டரின் முப்பது நாள் சராசரி ஸ்லைடரில் உள்ள எண்ணுக்குக் குறைந்தால் கீழே உள்ள வரைபடத்தில் அந்த ஊர் சிவப்பு. இல்லாவிட்டால் பச்சை.

நான்காவதாக ஒரு கட்டம் உண்டு. யாரும் எதையும் தொடாதபோது என்ன எண் இருக்க வேண்டும் என்று கேட்கும். காலியாக விட்டுப் பார்த்தேன், ஒரு ஊர்கூடச் சிவப்பாகவில்லை. வரைபடம் முழுக்கப் பச்சை. பார்க்க நன்றாக இல்லை. இருபது போட்டேன், இரண்டே இரண்டு சிவப்பு, எண்ணெய் தெறித்த மாதிரி அங்கொன்றும் இங்கொன்றும். அறுபது போட்டேன், பாதி வரைபடம் எரிந்தது. நாற்பது போட்டேன். சிவப்பும் பச்சையும் அளவாகக் கலந்து கண்ணுக்கு இதமாக இருந்தது.

எங்கள் வீட்டில் சௌராஷ்டிரம் பேசுவோம். அப்பாவுக்குச் சேலைக் கடை. சேலையின் உடல் நிறத்துக்கு எந்தக் கரை எடுப்பாக இருக்கும் என்று பார்த்துப் பார்த்தே வளர்ந்த கண் என்னுடையது. அந்தக் கண்ணை வைத்துக்கொண்டுதான் நாற்பதைத் தேர்ந்தெடுத்தேன். வேறு காரணம் எதுவும் கிடையாது. எத்தனையோ முறை எனக்கு நானே கேட்டுப் பார்த்துவிட்டேன். கிடையாது.

சித்திரை முதல் வாரத்தில் மீட்டிங். பெரிய திரையில் பக்கத்தைத் திறந்தேன். இந்த ஸ்லைடரை நகர்த்தினால் இப்படி மாறும் என்று காட்டப் போனேன்.

"இரும்மா, அப்படியே இருக்கட்டும். இதுவே பளிச்சுன்னு இருக்கு" என்றார் சார்.

அந்தப் பக்கத்தைப் போனில் படம் பிடித்தார். மீட்டிங் முடிவதற்குள் ரூட் சூப்பர்வைசர்கள் எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் போய்விட்டது. படத்திலும் மேலே ஸ்லைடர் இருந்தது. ஆனால் படத்தில் இருக்கும் ஸ்லைடரை யார் நகர்த்த முடியும்? ரிப்போர்ட் பிரமாதம் என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று மத்தியானம் ஆபீஸில் எல்லாருக்கும் ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்தேன் என்று இப்போது எழுதுவதற்கே கூசுகிறது.

சிவப்பாக இருந்த ஊர்களில் சமயநல்லூரைத் தாண்டி உள்ளே போகிற ஒரு சின்ன ஊரும் இருந்தது. சராசரி முப்பத்தெட்டு லிட்டர். அடுத்த திங்கட்கிழமையிலிருந்து அந்த ஊருக்கு வண்டி போகவில்லை.

நான்கு நாள் கழித்து எனக்கு ஒரு போன் வந்தது. அந்த ஊரில் சென்டர் நடத்திய அக்கா. சூப்பர்வைசர் அண்ணன்தான் தன் தலைக்கு வராமல் என் நம்பரைக் கொடுத்துவிட்டிருந்தார்.

"மேடம், எங்க ஊருக்குச் செவப்புப் போட்டது நீங்கதானா?"

அவர் குரலில் கோபம் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் அதற்குச் சொன்ன பதில் இன்றும் என் காதில் இருக்கிறது.

"நான் போடலக்கா. சிஸ்டத்துல அப்படி வருது. நாப்பதுக்குக் கீழ போனா செவப்பாயிரும்."

"ஓ. நாப்பதா." என்று திருப்பிச் சொன்னார். "நாங்க எம்புட்டு?"

"முப்பத்தெட்டு."

"ரெண்டு லிட்டர்ல போச்சா மேடம்?"

ஆமாம் என்றேன்.

"சரி மேடம். நான் அளக்குறத நிறுத்தல. வழக்கம்போல எங்க வீட்டுலதான் வந்து ஊத்துறாக. இப்பத்திக்கு டீக்கடைக்கு ஊத்துற ஆளு ஒருத்தரு வந்து எடுத்துக்கிறாரு. தெனமும் எம்புட்டுன்னு உங்களுக்கு அனுப்பி வைக்கிறேன். நாப்பதுக்கு மேல நின்னா திரும்ப வண்டி விடுவீகளா?"

அனுப்புங்கக்கா, பேசிப் பார்க்கிறேன் என்றேன். போனை வைக்க வேண்டும் என்ற அவசரத்தில் சொன்னது.

மறுநாள் காலை ஏழேகாலுக்கு முதல் செய்தி வந்தது. வேறு எழுத்தே இல்லை. 51 என்று மட்டும் இருந்தது. அதற்கு மறுநாள் 49. அப்புறம் 50, 52, 50. நான் இட்லியை வாயில் வைக்கும் நேரம் பார்த்து அது வரும். முப்பத்தெட்டு என்று என் ரிப்போர்ட் சொன்ன ஊர் எப்படி ஐம்பது ஊற்றுகிறது? கூட்டிச் சொல்கிறாரோ என்றுகூட நினைத்தேன். என் புத்தி முதலில் போனது அந்தப் பக்கம்தான்.

பிறகுதான் அந்த ஊரின் தினசரி அளவுகளைத் திறந்து பார்த்தேன். அதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். ஐம்பது, ஐம்பத்தொன்று என்று ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த எண்கள் பங்குனியில் எட்டு நாள் மட்டும் ஐந்துக்கு விழுந்து, ஒன்பதாம் நாள் மறுபடி ஐம்பதில் வந்து நின்றன. நோயா, வண்டி போகவில்லையா என்று அக்காவிடம் போனில் கேட்டேன்.

"காப்புக் கட்டியிருந்தோம்ல மேடம்" என்றார், இது தெரியாதா என்கிற தொனியில். "காப்புக் கட்டிட்டா ஆத்தாளுக்குப் பால்குடம் எடுக்குற வரைக்கும் எங்க ஊர்ல யாரும் பாலை விலைக்கு ஊத்த மாட்டோம். கன்னுக்கு விட்டதுபோக மிச்சம் கோயிலுக்குத்தான். காப்புக் கட்டாத ரெண்டு வீட்டுப் பால்தான் வந்திருக்கும்."

நானும் பால்குடம் எடுத்திருக்கிறேன். வண்டியூர்த் தெப்பக்குளத்து மாரியம்மனுக்கு மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு மூன்று வருடம் எடுத்திருக்கிறேன். கடையில் வாங்கிய பாக்கெட்டுகளைக் கத்தரிக்கோலால் வெட்டிக் குடத்தில் ஊற்றித் தலையில் வைத்துக்கொண்டு போவேன். அந்த வருடமும் போனேன். அந்த ஊர்க்காரர்கள் பாலை விற்காமல் நிறுத்தியதும் நான் பாக்கெட்டை வெட்டியதும் ஒரே பங்குனியில்தான். பால் நின்றால் ஊரில் மாடு குறைந்துவிட்டது என்றுதான் என் மாடலுக்குத் தெரியும், ஏனென்றால் எனக்கு அவ்வளவுதான் தெரிந்தது. அந்த எட்டு நாளை நீக்கிவிட்டுச் சராசரி போட்டேன். ஐம்பது வந்தது.

இதைத் தெரிந்துகொண்ட அன்றே சாரிடம் போயிருக்க வேண்டும். போகவில்லை. போனால் அவர் முதலில் எட்டு நாளைப் பற்றிக் கேட்பார், அடுத்து நாற்பதைப் பற்றிக் கேட்பார். அது எங்கிருந்து வந்தது என்று நான் என்ன சொல்வேன்? வரைபடம் அழகாக இருந்தது சார் என்றா? அடுத்த மாத மீட்டிங்கில் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்தேன். வைகாசி மீட்டிங்கில் குளிரூட்டும் நிலையத்தில் ஏதோ ரிப்பேர், பேச்சு முழுவதும் அதைப் பற்றியே போயிற்று. நல்லதாகப் போயிற்று என்று நான் வாயைத் திறக்கவில்லை. ஆனி மீட்டிங்கில் பேச்சு வந்தும் நான் பேசவில்லை. கோழை என்று என்னை யாரும் சொன்னதில்லை. வீட்டில் எல்லாரையும் அதட்டுகிறவள் நான்தான். ஆனால் அந்த இரண்டு மாதமும் நான் கோழையாகத்தான் இருந்தேன்.

செய்திகள் மட்டும் தவறாமல் வந்தன. 50. 48. 48. நான் பதில் போட மாட்டேன். இரண்டு நீல டிக் மட்டும் போய்ச் சேரும். அவர் அதையே பதிலாக எடுத்துக்கொண்டிருப்பார் போலிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையும் வரும். அமாவாசையன்றும் வரும். மாடலில் அந்த ஊரின் பெயரை நீக்கிவிட்டார்கள். எந்தப் பக்கத்தில் தேடினாலும் அந்த ஊர் இல்லை. இல்லாத ஊரிலிருந்து தினமும் எனக்கு மட்டும் ஒரு எண் வந்துகொண்டிருந்தது. சாப்பாட்டு இடைவேளையில் எல்லாரும் போன பிறகு நான் தனியாக எடுத்து வைத்திருந்த பழைய ரிப்போர்ட்டின் பிரதியைத் திறந்து ஸ்லைடரை முப்பத்தொன்பதிலிருந்து முப்பத்தெட்டுக்கு இழுப்பேன். ஊர் பச்சையாகும். திரும்ப இழுப்பேன், சிவப்பாகும். என் சுண்டுவிரல் அகலம்கூட இல்லாத தூரம். டிபன்பாக்ஸ் திறக்காமலே இருக்கும்.

பிறகு எண்கள் இறங்க ஆரம்பித்தன. 46. 45. 43. ஒருநாள் பொறுக்காமல் போன் செய்து கேட்டேன்.

"டீக்கடைக்கு எடுக்குறவரு ஒருநா வாராரு, ஒருநா வாரதில்ல மேடம். பால் கெட்டுப்போனா எம்புட்டு நாளைக்குத் தாங்குவாக. ரெண்டு வீட்டுல மாட்டக் குடுத்துட்டாக. நீங்க பேசிட்டீகளா?"

பேசிக்கொண்டிருக்கிறேன் அக்கா என்று பொய் சொன்னேன்.

ஆடி மாத மீட்டிங்கன்று பஸ்ஸில் போகும்போது 36 என்று வந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தபடி நின்றேன். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய் நடந்து திரும்பி வந்தேன். அன்றுதான் பேசினேன். காப்புக் கட்டு, எட்டு நாள், சராசரி எல்லாவற்றையும் சொன்னேன். அந்த ஊர் சிவப்பே இல்லை சார், அதைத் திரும்பத் திறக்க வேண்டும் என்றேன்.

சார் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். "இப்ப எம்புட்டு ஊத்துறாங்க?" என்றார்.

என்னிடம் ஒரு நொடி இருந்தது. நாற்பத்தைந்து என்று சொல்லியிருக்கலாம். யாரும் போய்ப் பார்க்கப் போவதில்லை. ஆனால் போன் கையிலேயே இருந்தது, எண் கண்ணெதிரே இருந்தது.

"முப்பத்தாறு சார்."

"அப்ப சரியாத்தானம்மா மூடியிருக்கோம். நாப்பதுக்குக் கீழதான இருக்கு."

"சார், நாம மூடுனதாலதான் கீழ வந்துச்சு. அதுவும் போக, அந்த நாப்பதே நான் சும்மா வச்சது. பாக்க நல்லா இருந்துச்சுன்னு வச்சேன்."

எல்லாரும் சிரித்தார்கள். சாரும் சிரித்தார். "சும்மா வச்சதே இம்புட்டுக் கரெக்டா இருக்கே. உனக்கு ராசியான கைம்மா" என்றார். அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள். மூன்று மாதமாக எதைச் சொன்னால் வேலை போய்விடும் என்று பயந்தேனோ, அது ஒரு சிரிப்போடு முடிந்துவிட்டது. அந்தச் சிரிப்பைப் போல என்னை எதுவும் அவமானப்படுத்தியதில்லை.

அரை நாள் லீவு சொல்லிவிட்டுச் சமயநல்லூர் போய், அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் அந்த ஊருக்குப் போனேன். அக்காவை அதுவரை பார்த்ததில்லை. என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். வாசலில் தராசு துடைத்து வைத்திருந்தது. கேன்களைக் கம்பெனி எடுத்துக்கொண்டதால் இரண்டு பிளாஸ்டிக் குடங்கள் கவிழ்த்திருந்தன. நான் யாரென்று சொன்னதும் அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்திருக்கவே கூடாது. சேர் எடுத்துப் போட்டார், கலர் சோடா வாங்கிவரப் பணத்தை எடுத்தார்.

"வண்டி விடப் போறாகளா மேடம்?"

இல்லை அக்கா என்றேன். உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னேன். பால்குடத்துக்காக விட்ட எட்டு நாளைப் பால் குறைந்ததாக நான் எடுத்துக்கொண்டதைச் சொன்னேன். நாற்பது என்பது கம்பெனி கணக்குப் பார்த்து வைத்த எண் இல்லை, வண்ணம் நன்றாக இருந்ததென்று நான் வைத்தது என்றும் சொன்னேன்.

"சும்மாவா வச்சீக?"

"ஆமாக்கா."

அவர் திட்டுவார் என்று நின்றேன். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை. சுவரை ஒட்டியிருந்த அடுத்த வீட்டைப் பார்த்தார். அது அவருடைய ஓரகத்தியின் வீடு என்று பிறகு சொன்னார். கதவு பூட்டியிருந்தது. வேலிக்குப் பக்கத்தில் மாடு கட்டும் முளை மட்டும் இருந்தது.

"ரெண்டு லிட்டர்ல போச்சுன்னீகள்ல" என்றார். "படிச்சவுக போட்ட கணக்கு தப்பாவா இருக்கும்னு நானும் வீடு வீடாப் பாத்தேன். அந்த மாசம் யாரு கொறைச்சு ஊத்துனாகன்னு. இவ மக தலப்பிரசவத்துக்கு வந்திருந்துச்சு. வழக்கமா ஊத்துறதுல சரியா ரெண்டு லிட்டரு, புள்ளத்தாச்சி குடிக்கணும்னு எடுத்து வச்சுக்கிட்டா. நான் விடல. வாசல்ல நின்னு கேட்டுட்டேன். உன் மக குடிச்ச பால்லதான்டி ஊருக்கு சென்டர் போச்சுன்னு நாலு பேரு கேக்கச் சொல்லிட்டேன்."

சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"அந்தப் புள்ள மறுநாளே கிளம்பி மாமியா வீட்டுக்குப் போயிருச்சு. புள்ள அங்கதான் பெறந்துச்சு. இவளும் மாட்ட வித்துட்டு மக கூடப் போயிட்டா. எங்கூடப் பேச்சில்ல."

முப்பத்தெட்டு, நாற்பது. இரண்டுக்கும் நடுவில் உள்ள இரண்டு லிட்டரை நான் போனில் ஆமாம் என்று ஒரு சொல்லில் கொடுத்திருந்தேன். அதை அவர் ஒரு மனுஷியின் தலையில் கொண்டுபோய் வைத்திருக்கிறார். வைக்க இடம் தேடுவார் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

அக்கா உள்ளே போய்த் தன் போனை எடுத்து வந்தார். நெடுநேரம் எதையோ தேடி ஒரு எண்ணை அழுத்தி என்னிடம் நீட்டினார்.

"நான் பேசுனா அந்தப் புள்ள எடுத்ததும் வச்சிரும். நீங்களே சொல்லுங்க."

மூன்றாவது மணியில் எடுத்தார்கள். இளம் குரல். பின்னால் ஒரு குழந்தை சிணுங்கிக்கொண்டிருந்தது. நான் பால் கம்பெனியிலிருந்து பேசுகிறேன் என்றேன். வைத்துவிடாதீர்கள் என்றேன். சென்டர் மூடியதற்கும் நீங்கள் குடித்த பாலுக்கும் சம்பந்தமே இல்லை, தப்பு என்னுடையது என்று சொன்னேன். இரண்டு முறை சொன்னேன். அந்தப் பக்கம் குழந்தையைத் தட்டிக்கொடுக்கும் சத்தம் கேட்டது. அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரிங்க" என்றது அந்தக் குரல். அப்புறம், யாரிடமோ பழைய சங்கதியைச் சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னது:

"அன்னைக்கு டம்ளர வாயில வச்சிருந்தேன், அவுக வாசல்ல வந்து கேக்கையில. அப்படியே கீழ வச்சேங்க. இன்னைக்கு வரைக்கும் எனக்குப் பால் எறங்கல. என் மகனுக்குப் புட்டிப்பால்தான்."